கொக்கு வருகிறார்

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது, என்னைத் திட்டுவதுதான் விடவில்லை. வலது காதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த கேட்கும் சக்தியும் இந்தக் குளிரோடு போய்விட்டது. பாய்லர் பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலேயே ஆயுசைக் கழித்தவனுக்கு வேறென்ன மிஞ்சும். இப்போதெல்லாம் என்னை எதிரே வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்னைப் பற்றிக் குறை சொல்கிறாள் உன் அண்ணி. அவளுக்கு வசதியாகப் போயிற்று. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? முதியோர் இல்லத்தில் மாடிப்படி வேலையை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்தார்களா?

ஒரு செய்தி. பழைய கால்பந்து மைதானத்தை இடிக்கப்போகிறார்கள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டிவிட்டார்கள். கூரை உண்டு, ஆளுக்கொரு நாற்காலி உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. நடந்து போக வழிதான் இல்லை. கடைசி ஆட்டம் செப்டம்பர் முடிவில் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று நம் தெருமுனை டெய்லர், அதுதான் என்னோடு கிழக்குக் கேலரியில் உட்காருவாரே, கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நேராக இங்கே வந்துவிட்டார். ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்தது. மீதியை உன் அண்ணி காகிதத்தில் எழுதிக் காட்டினாள். ஒரு கமிட்டி போட வேண்டுமாம். கடைசி ஆட்டத்துக்கு நம் பழைய ஆட்டக்காரர் கொக்குவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். கமிட்டி என்றால் அவரும் நானும்தான்.

கொக்கு ஆட்டத்தை விட்டு எத்தனை காலமாயிற்று. இருந்தும் இன்றைக்கும் யாராவது ஒரு பையன் நல்ல பாஸ் கொடுத்துவிட்டால் ‘கொக்கு மாதிரி’ என்கிறார்கள். சொல்கிறவர்கள் அவர் ஆடிப் பார்த்ததே கிடையாது. நீண்ட காலும் நீண்ட கழுத்துமாக நடு மைதானத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, தூங்குகிற ஆள் மாதிரி நிற்பாரே, அது இவர்களுக்கு எங்கே தெரியும். எனக்குத்தான் எல்லாம் அசதியாக இருக்கிறது. இடிக்கட்டுமே என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் டெய்லர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி வேலையும் என்னிடமே இருக்கிறது. ஆள் போதவில்லை என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருத்தி வேலையை விட்டுப் போகிறாள். சளி போனாலும் வெந்நீர் ஆவி பிடிப்பதை அண்ணி விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மைதானத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு மடித்து வைத்தேன். கட்டில் விரிப்பு மாற்றும்போதெல்லாம் அதே நினைப்பு. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆட்டத்தன்று காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்க மாட்டேன். உங்கள் எல்லோருக்கும் தொண்டை கத்திக் கத்தி வறண்டு போகும். எனக்குக் கத்தாமலே வறண்டிருக்கும். அதற்காக ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை.

அடுத்து நினைவுக்கு வந்தது அந்த அரையிறுதி. கொக்குவின் முன்னால் கோல் காலியாகக் கிடந்தது. கோல்கீப்பர் விழுந்து கிடந்தான். தட்டிவிட்டால் போதும். அவரோ பந்தை வலது பக்கம் தள்ளிவிட்டார். கேலரியே எழுந்து நின்று அவரைத் திட்டியது, நீங்களும் திட்டினீர்கள். ரைட் விங்கில் ஓடிவந்த பையன்தான் கோல் போட்டான். அந்தப் பையனின் அம்மா முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். கொக்கு அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எங்கே இருக்கிறார்? எழுபது தாண்டியிருக்குமே. எங்கள் இல்லத்தில் எழுபது தாண்டியவர்களைப் பார்த்துப் பார்த்து, அந்த வயதில் அவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வேலைக்கு நேரமாயிற்று. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை


மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் அண்ணியும் நலம். ஆவி பிடிக்கச் சொன்னதற்கு, உங்கள் தங்கைக்கு இருக்கிற அக்கறை உங்களுக்கு இருக்கிறதா என்று என்மேல் பாய்ந்தாள்.

டெய்லரும் நானும் கொக்குவின் பழைய வீட்டுக்குப் போனோம். இப்போது அங்கே பல் டாக்டர் இருக்கிறார். வரிசையில் உட்காரச் சொன்னார்கள். பல் வலி இல்லை என்று டெய்லர் புரியவைப்பதற்குள் எங்கள் முறையே வந்துவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் டெய்லரிடம் சொன்னார், டெய்லர் எனக்கு எழுதிக் காட்டினார். மனைவி போன பிறகு கொக்குவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்றாம். மகள் வந்து வீட்டை விற்றுவிட்டு அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாளாம். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்டதும் உன் ஊர்ப் பேரைச் சொன்னார். அதுவும் நிச்சயமில்லை, அப்படி ஒரு பேச்சு அடிபட்டது என்றார்.

நீ அங்கே ஆஸ்பத்திரிகளையும் இல்லங்களையும் அறிந்தவள். நெட்டையான மனிதர், ஒளித்து வைக்க முடியாது. கொஞ்சம் விசாரித்துப் பார். டெய்லர் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். அவர் மனைவி படுக்கையோடு இருப்பது உனக்குத் தெரியும். கடை, வீடு, கடை என்று கிடந்த மனிதர் இப்போதுதான் தலையைத் தூக்கி நடக்கிறார்.

உன் பதிலை எதிர்பார்க்கும்

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நலமாகத்தான் இருக்கிறேன்.

இங்கே மழை. விடாமல் பெய்கிறது. இல்லத்துக்குப் பின்னால் துணி உலர்த்தும் முற்றத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. விரிப்புகள் காயவே மாட்டேன் என்கின்றன. நடைவழியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அங்கே இருக்கிற பெரியவர்கள் அதற்குள் புகுந்து வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். மழை கொஞ்சம் விட்டால் புழுக்கம், புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தால் மறுபடி மழை. மேல்மாடியில் ஒரு மூலையில் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறோம். போன வருடம் இத்தனை மழை இல்லை.

நீங்கள் கேட்டது பற்றி. இது பெரிய ஊர் அண்ணா. டெய்லரை அதிகமாக நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வயதானவர்களை எல்லோரும் பார்க்கும்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது நல்லதா என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மே 25

அன்புத் தங்கைக்கு,

நலம்.

நீ மழையைப் பற்றி எழுதுகிறவள் இல்லை. என் காதைப் பரிசோதித்த டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு இனித் தேறாது என்று சொன்ன சமயத்தில், எனக்கு ஒரு பக்கம் முழுக்க ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றி எழுதினாய். அப்பா விழுந்தபோது செருப்புக் கடையைப் பற்றி எழுதினாய்.

கொக்கு உங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆம், இல்லை என்று எதுவும் எழுத வேண்டாம். உள்ளே இருப்பவர்களைப் பற்றி வெளியே சொல்லக்கூடாது என்று உங்கள் இல்லத்தில் சட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். உன் வேலைக்கு ஆபத்து என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடு. டெய்லரிடம் நான் மூச்சு விடவில்லை, உன் அண்ணியிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவனிடம் யாரும் ரகசியம் இருக்கும் என்று நினைப்பதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அவருக்கு வலி ஏதும் இருக்கிறதா?

அண்ணன்


ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வலி இல்லை.

இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகம் என்று நம்புகிறேன்.

தங்கை


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைகள் போதும் எனக்கு.

இங்கே ஒரு வம்பு ஆகிவிட்டது. டெய்லர் என்னைக் கேட்காமல் போஸ்டர் அடித்துவிட்டார். கொக்கு பந்தின்மேல் கால் வைத்து நிற்கிற அந்தப் பழைய படம். கீழே பெரிய எழுத்தில் ‘கொக்கு வருகிறார்’. ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. எங்கள் கழிவுநீர்த் தொட்டி மூடியில்கூட ஒன்று இருக்கிறது. ஆட்கள் கடைக்கு வந்து டெய்லரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். இந்த வருடம் டீம் கேவலமாக ஆடுகிறது, டிக்கெட் கேட்டு வந்தவர்கள் யாரும் ஆட்டத்துக்காக வரவில்லை.

ஆள் கிடைக்காமலே எப்படி அச்சடித்தீர் என்று கேட்டேன். போஸ்டரைப் பார்த்தால் அவரே வந்துவிடுவார் என்றார். அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்து, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். புரியாத மாதிரி காதைத் தொட்டுக் காட்டினேன். காது போனதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

அவரை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அது முடியாது என்று உன் கடிதமே சொல்லிவிட்டது. நான் மட்டும் ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்க மனசு துடிக்கிறது. அதையும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? இந்தக் கடிதத்தை நான் அவருடைய மகளின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அதனால் ஒளிவு மறைவு வேண்டியதில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் மேல்மாடி ஓரத்து அறைக்குப் புதியவர் வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். கட்டில் நீளம் போதாமல் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது அண்ணா. நினைவு போய்விட்டது அவருக்கு. சில நாள் மகளைத் தெரியும், சில நாள் தெரியாது. தான் ஆடியது தெரியுமா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தப் பேச்சையே அவர் முன்னால் எடுக்கக்கூடாது என்பது மகள் போட்ட நிபந்தனை. சேர்க்கும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்.

மகள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். அப்பாவின் உயரம், அதிகம் பேசாதவர். போன வாரம் கீழே டீ குடிக்கும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உங்களைப் பற்றிச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். டம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, நடந்ததைச் சொன்னார்.

வியாதி தொடங்கிய புதிதில் ஏதோ ஒரு கம்பெனி, பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு பாராட்டு விழா வைத்ததாம். இவரையும் மேடை ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வார்த்தை நன்றாகத்தான் பேசினாராம். பிறகு, டீம் பஸ் போயிடும், நான் கிளம்பறேன் என்றிருக்கிறார். எல்லோரும் தமாஷ் என்று கை தட்டினார்களாம். அவர் மேடையிலேயே குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட ஆரம்பித்திருக்கிறார். காலில் போட்டிருந்தது செருப்பு. இல்லாத கயிற்றை மறுபடி மறுபடி இழுத்து முடிந்திருக்கிறார். அப்போது சபை முழுக்கச் சிரித்ததாம். சிலர் போனில் படம் எடுத்தார்களாம். மகள் மேடையேறிப் போய்க் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. அப்பாமேல உயிரா இருந்தவங்கதான். அவங்கதான் சிரிச்சாங்க” என்றார்.

எழுந்து போகும்போது திரும்பி நின்று, “உங்க அண்ணன் வரட்டும். ஆனா ரசிகரா வர வேண்டாம். வேற யாராவா வரட்டும்” என்றார்.

பெரியவரின் குளியலறைக் குழாய் அவர் வந்த நாளிலிருந்து ஒழுகுகிறது. நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 20

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்தில் நீ கேட்டபோது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. கோபமில்லையே? நீ என்னை அறையில் விட்டுவிட்டுக் கீழே மருந்து கொடுக்கப் போய்விட்டாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. இப்போது எழுதுகிறேன்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் பையைக் காட்டிக் குழாய் என்றேன். தலையாட்டினார். நேரே குளியலறைக்குப் போய் உட்கார்ந்து சாமான்களைத் தரையில் பரப்பினேன். வாஷர் நைந்து போயிருந்தது. அதைப் போய் இத்தனை மாதம் விட்டுவைத்திருக்கிறார்கள். நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் நிழல் விழுந்தது. திரும்பினால் வாசலில் நிற்கிறார், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால்மேல் இன்னொரு பாதத்தை வைத்துக்கொண்டு. ஏதோ கேட்டார். காது கேட்காது என்று காட்டினேன். அதற்குச் சிரித்தார். நல்லவிதமான சிரிப்பு. பிறகு வந்து என் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

இதைச் சரியாகச் சொல்ல வருமா தெரியவில்லை. நான் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையைப் பின்னால் நீட்டி ஸ்பானரைத் துழாவினேன். அது என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. சரி, பக்கத்தில் இருந்ததைக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். அடுத்து எனக்குக் குறடு வேண்டியிருந்தது. நான் திரும்பவுமில்லை, சொல்லவுமில்லை. கையை நீட்டினேன், குறடு இருந்தது. புது வாஷர், அப்புறம் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப். நான் கை நீட்டுவதற்கு முன்னாலேயே அந்தந்தச் சாமான் அங்கே வந்து காத்திருந்தது. அவர் சாமான்களைப் பார்க்கவில்லை. என் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன். இறுக்கியதைத் தளர்த்தி மறுபடி இறுக்கினேன்.

முடித்ததும் குழாயைத் திறந்து மூடிக் காட்டினேன். சொட்டவில்லை. அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மறந்துவிட்டிருப்பார். ஒரு வார்த்தை நான் பந்தைப் பற்றிப் பேசவில்லை. மகளிடம் சொல்.

ஊருக்கு வந்ததும் டெய்லர் கடைக்குப் போனேன். “கொக்கு வரமாட்டார். நல்லா இருக்கார். அதுக்குமேல கேக்காதீங்க” என்றேன். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மெதுவாக மடித்தார். “பாத்தியா?” என்று அவர் உதடு கேட்டது. நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. பெரிய மனசு.

நேற்று இருவரும் பசை வாளியோடு ஊரைச் சுற்றினோம். எல்லாப் போஸ்டரிலும் ‘வருகிறார்’ என்பதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டோம். பேரும் படமும் மட்டும் மிச்சம். உன் அண்ணி பார்த்துவிட்டு, முதலிலேயே இப்படி ஒட்டியிருந்தால் முதுகாவது மிஞ்சியிருக்கும் என்கிறாள். உண்மைதான், எனக்கும் டெய்லருக்கும் நிமிர முடியவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்தது தப்பானால் திட்டுங்கள். இரண்டு முறை படித்தார். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவே இல்லை.

குழாயை யார் சரிசெய்தது, யார் அனுமதி கொடுத்தது என்று நிர்வாகி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். தானாகச் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்றேன். என் முகத்தையே பார்த்தார். ஆள் பற்றாக்குறை இருப்பதால் பிழைத்தேன். முழங்காலுக்கு ஊசி போட வேண்டும் என்கிறார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது, கடைசி ஆட்டம் என்றைக்கு, உங்கள் அண்ணன் எந்த வாசல் வழியாகப் போவார் என்று கேட்டார். சும்மாதான் கேட்டேன் என்றார்.

அண்ணியை முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

தங்கை


அக்டோபர் 3

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் ஊசி விஷயத்தைத் தள்ளிப்போடாதே, என் காதை நான் தள்ளிப்போட்ட கதை உனக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்தது. நம்மவர்கள் தோற்றார்கள். தோற்றதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கேலரி நிரம்பி வழிந்தது. ஆட்டத்தைவிட ஜனங்கள் படிக்கட்டையும் கம்பியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பேரனைத் தூக்கி வந்து ஒரு இடத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். பேரன் அழுதான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நெட்டையாக ஒரு பெண் படியேறி வந்து எங்கள் வரிசையில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். அந்தக் கழுத்து. நான் நகர்ந்து கொடுத்தேன். டெய்லர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தானும் நகர்ந்து உட்கார்ந்தார். டெய்லர் தன் பிளாஸ்கிலிருந்து அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாள் கொடுத்ததில்லை.

ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. அப்புறம் எங்கோ மேற்குப் பக்கத்தில் யாரோ தொடங்கியிருக்கிறார்கள். உனக்கு நினைவிருக்கும், அவர் காலுக்குப் பந்து வந்ததும் கேலரி ‘கொக்...’ என்று இழுத்துப் பிடிக்கும், பாஸ் போன நொடியில் ‘...கு’ என்று விடும். நடுவில் எத்தனை நேரம் ஆனாலும் மூச்சை விடாமல் பிடித்திருப்போம். எனக்குக் கேட்கவில்லை. எல்லோருடைய வாயும் ஒரே மாதிரி திறந்ததைப் பார்த்தேன். காலுக்குக் கீழே சிமென்ட் படி நடுங்கியது. பந்து இல்லை, ஆள் இல்லை, பாஸ் இல்லை. அதனால் எப்போது முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்கள். டெய்லரின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மைதானத்தில் இருந்த சின்னப் பையன்கள், ஆட்டக்காரர்கள்தான், நடந்து போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. எதையோ தேடுகிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். புரியவில்லை என்று தலையசைத்தேன். என் முகத்துக்கு நேரே வந்து, உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள்.

“யாரும் சிரிக்கல.”

நான் ஆமாம் என்றேன்.

அவள் தனியாகவே இறங்கிப் போனாள். டெய்லர் வழிவிடச் சொல்லி முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கிக் கொடுத்தார். மறுநாளே தகரம் வைத்து வாசலை அடைத்துவிட்டார்கள். லாரிகள் வந்துவிட்டன. இடிக்கிற சத்தம் தாங்கவில்லை என்று உன் அண்ணி பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொண்டு இருக்கிறாள். எனக்குத் தரை அதிர்வது மட்டும் தெரிகிறது. மத்தியானத்தில் படுத்தால் உடம்பில் ஏறுகிறது. டெய்லர் கடையைத் திறந்துவிட்டார். பள்ளிச் சீருடை தைக்கிறார்.

அண்ணன்


அக்டோபர் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் படுத்திருந்தேன், இப்போது படியேற முடிகிறது. அண்ணிக்கும் உங்களுக்கும் அந்தத் தூசியில் இருமல் வராமல் இருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தார். நான் அவருடைய அப்பாவின் நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன், இருங்கள் என்றார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வருவார், பழம் கொண்டுவருவார், விரிப்பைச் சரிசெய்வார், போவார்.

“அப்பா, நான் மைதானத்துக்குப் போயிருந்தேன்” என்றார்.

பேசக்கூடாது என்று எழுதி வாங்கியவரே அதைச் சொல்கிறாரே என்று நகம் வெட்டுவதை நிறுத்தினேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு மகளைத் தெரிந்திருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. மைதான வாசலில் நுழைந்ததிலிருந்து மகள் சொல்ல ஆரம்பித்தார். உட்கார இடமில்லாத கூட்டம் என்றார். எல்லோரும் எழுந்து நின்று உங்கள் பேரைச் சொன்னார்கள் என்றார். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பெரியவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், வேறு யாரோ ஒருவரைப் பற்றிய நல்ல செய்தியைக் கேட்பதுபோல.

கடைசியில் அவர் கேட்டார்.

“நான் ஆடினேனா?”

மகள் என்னைப் பார்த்தார். நான் குனிந்து நகத்துணுக்குகளைப் பொறுக்கினேன்.

“ஆடினீங்கப்பா” என்றார்.

அவர் அதை யோசித்துப் பார்த்தார். மகளின் மடியில் கிடந்த பாதத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார்.

“அதான் கால் வலிக்குது” என்றார்.

மகள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

தங்கை